அழியட்டும் என்ற வரி

கலிலேயாவின் அந்தச் சிற்றூரில், யூத வேத அறிஞர் மத்தனியாவுக்குத் தன் தம்பி அசாயாமேல் சந்தேகம். இயேசுவின் சீடர்கள் கூடும் வீட்டிலிருந்து அவன் வெளியே வந்ததை மீன் விற்பவள் பார்த்திருந்தாள். மறுநாள் காலை ஜெப ஆலயத்தில் அவனையே ஜெபம் நடத்தச் சொன்னார். வழிதவறிப் போனவர்கள் வேரோடு அழியட்டும் என்றொரு வரி அதில் உண்டு. அது இயேசுவின் சீடர்களைக் குறித்தது; அவர்களில் ஒருவனுக்கு அதைச் சொல்ல நாக்கு எழாது என்று நம்பினார்.

அந்த வரி வந்ததும் அசாயா நின்றுவிட்டான். மத்தனியா அவன் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவன் அதைத் தெளிவாகவே சொன்னான்.

முற்றத்தில் அவனைத் தனியே அழைத்தார். "ஏன் தயங்கினே?"

"திர்சாளை நினைச்சேன்."

திர்சாள் அவருடைய ஒரே மகள். பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார்.

"அவளுக்கும் இதுக்கும் என்ன?"

"அவ அந்தச் சீடர்கள் கூடுற வீட்டுலதான் இருக்கா அண்ணா. ஞானஸ்நானம் வாங்கிட்டா. கூட்டிட்டு வரத்தான் போனேன், வரமாட்டேன்னுட்டா. நாளைக்கு ஜெபம் நடத்துற முறை உங்களுது."

மத்தனியா ஆலயத்திலிருந்து வெளியே வருகிறவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இது வேற யாருக்கெல்லாம் தெரியும்?" என்று கேட்டார்.