மூன்றாவது சொம்பு

2023ஆம் ஆண்டு வைகாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொல்லிமலை அரியூர் நாட்டில் ஒரு மாரியம்மன் கோயிலின் முன்னால் கறுப்புக் கிடா ஒன்று நனைந்து நின்றது.

அது மாதம்மாளின் கிடா.

மேலே ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. கிடா உடம்பை உதறினால் அம்மன் ஏற்றுக்கொண்டாள் என்று பொருள். துலுக்குவது என்று ஊரில் சொல்வார்கள். மூன்று சொம்புக்கும் துலுக்காத கிடாவை வெட்ட மாட்டார்கள். அவிழ்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

கிடா துலுக்கவில்லை.

மாதம்மாளுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. கணவன் இறந்தபோதுதான் அவளுக்கும் தெரிந்தது, ஊருக்கும் தெரிந்தது. அப்போது யமுனா வயிற்றில் இருந்தாள்.

அந்த மாதத்தில் அவள் வீட்டுப் படியேறியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் மெர்சி. மலையிலுள்ள சிறிய சபையின் பாதிரியாருக்கு மனைவி. மற்றவர் இந்தக் கோயில் பூசாரி அண்ணாமலை.

குழந்தைக்குத் தொற்றாமலிருக்க மாத்திரை உண்டு என்று மெர்சி சொன்னார். அதை வாங்க நாமக்கல் வரை பஸ்ஸில் கூடவே போய் வந்தார். பூசாரி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், "மாத்தரை போட்டாச்சா கண்ணு?" என்று கேட்பார். போட்டாச்சு என்று பதில் வந்த பிறகுதான் திருநீறு கொடுப்பார்.

சபைக் கூட்டத்தில் பூசாரி பேசினார். கோயில் மைக்கில் மெர்சி பேசினார். தொட்டால் வராது, ஒரே குண்டாவில் சாப்பிட்டால் வராது என்று இருவரும் பேசியது ஒரே பேச்சு.

கேட்டவர்கள் தலையாட்டினார்கள். யமுனாவுக்குப் பெயர் வைத்த அன்று வந்து, உரிக்காத வாழைப்பழம் மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

குழந்தைக்கு ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனை. கிருமி இல்லை என்று வந்தால் கிடா வெட்டுவதாக மாதம்மாள் வேண்டியிருந்தாள்.

இல்லை என்று வந்தது.

கிடா கொடுத்தவர் தன் கையால் ஊருக்குப் பரிமாற வேண்டும். அதில்தான் சிக்கல். கோயில் காரியம் பார்க்கும் சின்னுசாமி ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"பூசாரி சொல்றதும் சிஸ்டர் சொல்றதும் இருக்கட்டுமுங்க. ஆத்தா ஏத்துக்கிட்டா நானே மொத ஆளா உக்காந்து திங்கறேன். இல்லீனா ஆரும் திங்க வேண்டாம்."

ஊர் அதற்கு ஒப்புக்கொண்டது.

பூசாரி இரண்டாவது சொம்பை ஊற்றினார். கிடா தன் கழுத்து மாலையிலிருந்து ஒரு சாமந்தியைப் பிடுங்கித் தின்றது.

"ஏனுங்க பூசாரி, மைக்கைச் சிஸ்டர் கையில குடுங்க. கெடாவுக்கும் கொஞ்சம் எடுத்துச் சொல்லட்டும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டம் சிரித்தது.

மாதம்மாள் இடுப்பிலிருந்த குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதனை தப்பாக இருக்குமோ என்ற பயம் அவள் முகத்தில் வந்திருந்தது. மெர்சி அருகே போய், ரிப்போர்ட் சரிதான், கிடாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று மெதுவாகச் சொன்னார். சொல்லிக்கொண்டே, குளிரில் நடுங்கிய கிடாவின் முதுகைத் தடவிக் கொடுக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க சிஸ்டர்!"

மொத்த ஊரும் கத்தியது. துலுக்கும்வரை கிடாவின் மேல் யார் கையும் படக்கூடாது. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த மெர்சிக்கு அது தெரியாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, திட்டு வாங்கிய பிள்ளைபோல நின்றார்.

இரண்டு வருடமாக மாதம்மாளின் பக்கம் ஓடிவரும் குழந்தைகளுக்கு ஊரார் சொன்ன சொல் அது. அது இப்போது மெர்சியின் மேல் விழுந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். அடங்கவில்லை. மெர்சியும் சிரித்துவிட்டார். யமுனா இருவரையும் பார்த்துக் கைதட்டினாள்.

சின்னுசாமி சிரிக்கவில்லை. மாதம்மாளையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பூசாரியின் கையிலிருந்த சொம்பை வாங்கினார்.

"நவுருங்க. உங்களுக்குத் தண்ணி ஊத்தவே தெரியல."

மூன்றாவது சொம்பை அவர் ஊற்றினார்.

கிடா தலை முதல் வால் வரை உதறியது. முன்னால் நின்றவர்களின் வேட்டி, சேலை எல்லாம் மஞ்சளாயின. பெண்கள் குலவையிட்டார்கள். பூசாரி மண்ணில் விழுந்து கும்பிட்டார். மெர்சி கண்ணை மூடித் தன் ஆண்டவருக்கு நன்றி சொன்னார்.

மதியம் மாதம்மாள் வாளியும் கரண்டியுமாக வந்தாள். குழம்பு கொஞ்சம் இலைக்கு வெளியே விழுந்தது. சொன்னபடி முதல் இலையில் சின்னுசாமி உட்கார்ந்திருந்தார். பிசைந்து ஒரு வாய் வைத்தார். ஊர் அவர் வாயையே பார்த்தது.

"உப்புக் கம்மி" என்றார். "நெஞ்செலும்பு இருந்தா ரெண்டு போடு கண்ணு."

காதுக்குள் தண்ணீர் விட்டால் எந்தக் கிடாவும் துலுக்கும். அதனால் முதுகில்தான் ஊற்ற வேண்டும் என்பது அந்தக் கோயில் வழக்கம். காதில் யாரும் விடாமல் பார்த்துக்கொள்வது சின்னுசாமியின் பொறுப்பு.

அவர் மூன்றாவது சொம்பைக் காதில் விட்டதை, முன்னால் நின்ற எல்லோரும் பார்த்தார்கள்.

எல்லோரும் சாப்பிட்டார்கள். குண்டாவில் மீதம் இல்லை.