ஜன்னலோர மேசை

போக்கர் போட்டியின் மதிய இடைவேளையில், மக்காவ் கேசினோ ஹோட்டலின் வரவேற்பு மேசைக்கு வந்தான் ஆட்டக்காரன் தேஹோ.

"அண்ணே, இங்க சாப்பிட்டு நாக்கு செத்துப்போச்சு. வெளியில நல்ல இடமா சொல்லுங்க."

"மார்க்கெட் பின்சந்துல மேன்யீ கஞ்சிக் கடை. ஜன்னலோர மேசையைக் கேளுங்க. கடைக்கார அம்மா திட்டும், காதுல போட்டுக்காதீங்க" என்றார் வரவேற்பாளர் லியோங்.

"எங்க ஆளுங்க எல்லாரையும் வருஷாவருஷம் அங்கதான் அனுப்புறீங்களாமே. கமிஷன் எவ்வளவு?"

லியோங் சிரித்தார். "சாப்பிட்டுட்டு, கடை எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க. அதான் என் கமிஷன்."

ஒரு மணி நேரத்தில் தேஹோ கையில் சூடான டப்பாவோடு திரும்பினான்.

"மீன் கஞ்சி பிரமாதம்ணே! ஜன்னலோர மேசைன்னதும், 'அந்தாளு அனுப்பினாரா?'ன்னு முறைச்சாங்க. 'ஊரையே அனுப்பத் தெரியுது, தானா வரத் தெரியலையா?'ன்னு திட்டிட்டு, இதைக் கொடுத்துவிட்டாங்க. யாருண்ணே அவங்க?"

லியோங் மூடியைத் திறந்தார். கேட்காமலே கஞ்சியில் கொத்தமல்லி தூவும் ஊர் அது. இதில் ஓர் இலைகூட இல்லை.

"என் பொண்டாட்டியா இருந்தவ. விவாகரத்தாகிப் பதினோரு வருஷமாச்சு. கொத்தமல்லி எனக்கு ஆகாதுன்னு இன்னும் மறக்கல."

டப்பாவை மூடிவிட்டு, சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றினார்.

"தம்பி, நீங்க கிளம்பும்போது அந்த மேசை காலியாதானே இருந்துச்சு?"