ஸ்ரீரங்கத்தில் ஒரு மரத்தவளை

மரத்தவளை இனங்கள் எந்தெந்த ஊரில் இருக்கின்றன என்று காட்டும் வரைபடத்தில், திருச்சிப் பக்கம் ஒரே ஒரு புள்ளி இருந்தது. கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த பேராசிரியை பிரேமலதா அதைப் பேனாவால் தட்டினார்.

"இது மலைக்காட்டு இனம். ஸ்ரீரங்கத்துல இதுக்கு என்ன வேலை, பெருமாளைச் சேவிக்க வந்துச்சா?"

ஆய்வு உதவியாளன் மருதை சிரிக்கவில்லை. "தவளை பாட்டில்ல இருக்கு மேடம். லேபிள்ல ஸ்ரீரங்கம்னுதான் போட்டிருக்கு."

"பிடிச்சது யாரு, லேபிள்ல பேர் இருக்கிற இந்த வள்ளிக்கண்ணுவா? போன் போட்டுக் கேளுங்க."

"எடுக்க மாட்டாங்க."

"அப்ப புள்ளியை எடுத்திடுங்க. தப்பான பதிவு கட்டுரையில வேண்டாம்."

கட்டுரையில் வள்ளிக்கண்ணுவின் பெயர் வர இருந்ததே அந்த ஒரு புள்ளியால்தான். மருதை மௌஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

"மேடம், அது கொல்லிமலையில இருந்து மிளகுச்செடித் தொட்டியோட வந்த தவளை. பாட்டில்ல போட்ட ஊரை லேபிள்ல எழுதிட்டாங்க. புள்ளியை அங்க நகர்த்திடலாமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பஸ்ல தொட்டியை மடியில வெச்சுக்கிட்டு வந்ததே நான்தான். வீட்டுக்கு வந்து குளிக்கப் போனவ, பாத்ரூம் சுவத்துல அதைப் பார்த்துட்டு சந்தோஷத்துல கத்தினா. கல்யாணமாகி ரெண்டு வாரம் எங்களுக்கு."

பிரேமலதா பேனாவை மூடினார். "இப்ப அவங்க..."

"போன வருஷம், டெங்குல. அவ கையெழுத்தைத் திருத்த எனக்குத்தான் மனசு வரல."

பிரேமலதா நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"லேபிள் அப்படியே இருக்கட்டும். கொல்லிமலையில செடி வாங்கின இடம் எது, சொல்லுங்க. புள்ளியைச் சரியா வைப்போம்."