எந்த வழி ரத்தம்

பேரனுக்கு ஆட்டிசம் என்றதுமே சொர்ணவல்லிக்கு மருமகள் பிரகதீஸ்வரியின் தாயார் மேல்தான் சந்தேகம். பொன்னமராவதிக்கே போய் அந்தம்மாவின் பிறந்த வீட்டைப் பற்றி விசாரித்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை.

"எதையோ மறைக்கிறாங்க."

காரணம் அறிய டாக்டர் மரபணு சோதனைக்கு எழுதியபோது, "இவளப் பெத்தவங்க ரத்தத்தையும் எடுங்க" என்று பிடிவாதமாக நின்றாள்.

முடிவு வந்தது.

"ஒரு மரபணுவுல மாற்றம் இருக்கு. அம்மாகிட்டேருந்து பையனுக்கு வந்திருக்கு," என்றார் டாக்டர்.

"நான் சொல்லல? இவ ஆத்தாகிட்டேருந்துதானே இவளுக்கு வந்துச்சு?"

"இல்லீங்க, இவங்க அப்பாகிட்டேருந்து. ஆனா இது யார் தப்பும் இல்ல."

"மெஷினு தப்பாக் காட்டியிருக்கும்," என்று சொர்ணவல்லி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பிரகதீஸ்வரி மகனைத் தூக்கிக்கொண்டாள்.

"பொன்னமராவதி வரைக்கும் போனீங்களே அத்தை, எங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒங்க கூடப் பொறந்த அண்ணன்தானே."