வலிச்சா கையைத் தூக்குங்க

"வலிச்சா கையைத் தூக்குங்க டீச்சர். வாயை மட்டும் மூடிடாதீங்க" என்றார் பல் டாக்டர்.

டீச்சர் தலையை ஆட்டினார். வாய்க்குள் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், போதாக்குறைக்கு டாக்டரின் இரண்டு விரல்கள். அந்த வாயில் இனி ஒரு வார்த்தைக்குக்கூட இடமில்லை.

டாக்டர் காத்திருந்ததும் இந்த நிமிஷத்துக்குத்தான். மகள் சிட்டு படிக்கிற இரண்டாம் வகுப்பு டீச்சரே கடைவாய்ப் பல் சொத்தை என்று வந்து நாற்காலியில் சாய்ந்தால், எந்த அப்பாதான் சும்மா விடுவார்? பள்ளிக்கூடத்துக்குப் போனால் டீச்சர்தான் பேசுவார், அப்பாக்கள் தலையாட்டுவார்கள். இங்கே நிலைமையே வேறு.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்று மெஷினை ஓட்டிக்கொண்டே ஆரம்பித்தார். "வாராவாரம் ஸ்பெல்லிங்னு ஒரு வீட்டுப்பாடம் குடுக்கறீங்களே, அது குழந்தைங்களுக்கா, எங்களுக்கா? ஏழு வயசுப் பிள்ளைக்கு இருபது வார்த்தை."

டீச்சரின் கண்கள் அகல விரிந்தன. "ஆஹ்... ஆஆ" என்றார்.

"அசையாதீங்க. இருபது வார்த்தை எந்த ஊர் நியாயம்? பூனை, யானைன்னு குடுத்தாலும் போகட்டும்னு விட்டுடலாம். போன வாரம் என்ன தெரியுமா? ஸ்டெரிலைசர். அதுக்கு முந்தின வாரம் எக்ஸ்ரே, அப்பாயின்ட்மென்ட். எனக்கே நாக்குத் தள்ளிப்போச்சு. இதைப் படிச்சுட்டு அந்தக் குழந்தை என்ன, ஆஸ்பத்திரியா கட்டப்போகுது?"

பக்கத்தில் தட்டோடு நின்ற நர்ஸம்மா மாஸ்க்குக்குள் சிரித்துக்கொண்டார்.

டீச்சர் கையைத் தூக்கினார். ஐந்து விரலும் விரிந்திருந்தன.

"வலிக்குதா? நர்ஸம்மா, இன்னொரு ஊசி குடுங்க."

போட்டார். இப்போது டீச்சரின் நாக்கும் சேர்ந்து மரத்துப்போனது. டாக்டருக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகப் பேச்சை நிறுத்த முடியுமா?

"எங்க வீட்டுக் கதையைக் கேளுங்க. முன்னெல்லாம் நான் க்ளினிக்கைப் பூட்டிட்டுப் போறப்போ சிட்டு தூங்கியிருப்பா. இந்த ஸ்பெல்லிங் வந்ததும், 'என்னால ஆகாது சாமி, நீங்களே பாத்துக்கோங்க'ன்னு அவ அம்மா என் தலையில கட்டிட்டா. அதனால வியாழக்கிழமை சாயங்காலம் மட்டும் பேஷன்ட் யாரையும் வெச்சுக்கறதில்ல. இவளே ஒரு தாள்ல எழுதிட்டு வருவா. சோபாவுல உக்காந்து ஒவ்வொண்ணா நான் சொல்லணும். நாலு எழுத்து சரியா வரும், அப்புறம் நின்னுடுவா. 'அப்பா, மறுபடியும் முதல்லேர்ந்து'ம்பா. என் தோள்ல சாஞ்சு, கண்ணை மூடிக்கிட்டு யோசிப்பா பாருங்க, எனக்கு வயிறு பத்திக்கிட்டு எரியும். இருபது முடியறதுக்குள்ள அப்படியே தூங்கிடுவா. நான்தான் தூக்கிட்டுப் போய்க் கட்டில்ல போடணும்."

டீச்சர் மறுபடியும் கையைத் தூக்கினார். ஐந்து விரலையும் டாக்டரின் மூக்குக்கு நேராக ஆட்டினார்.

"அஞ்சு நிமிஷம்தான், அதுக்குள்ள முடிச்சுடறேன்" என்று சமாதானம் சொன்னார் டாக்டர். "என் பயமெல்லாம் ஒண்ணுதான் டீச்சர். இந்த வயசுலேயே அவளுக்குப் படிப்பு கசந்துடக் கூடாது. இந்த வீட்டுப்பாடத்தை நிறுத்திடுங்க. இல்லன்னா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட எழுதிக் குடுப்பேன். அதுக்கும் மசியலேன்னா பள்ளிக்கூடத்தையே மாத்திடுவேன்."

சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத டீச்சரை அவர் வாழ்க்கையிலேயே இன்றுதான் பார்க்கிறார். அந்தச் சந்தோஷத்தில் பல்லையும் அருமையாக அடைத்தார்.

நாற்காலி நிமிர்ந்தது. டீச்சர் வாய் கொப்பளித்தார். பாதித் தண்ணீர் மோவாயில் வழிந்தது. நர்ஸம்மா துண்டை நீட்டினார்.

"இப்போ நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டர், ரொம்பத் தாராளமாக.

டீச்சர் மரத்த நாக்கைப் புரட்டிப் புரட்டிப் பேசினார். "முதல்ல, அந்த ரெண்டாவது ஊசிக்கு அவசியமே இல்ல டாக்டர். எனக்கு வலிக்கவே இல்ல." ஐந்து விரலை மறுபடியும் விரித்துக் காட்டினார். "நான் குடுக்கறது அஞ்சு வார்த்தை."

"அஞ்சா?"

"எல்லாப் பிள்ளைங்களுக்கும் அஞ்சுதான். நீங்க சொன்ன மாதிரி பூனை, யானைதான். சிட்டு மட்டும் வெள்ளிக்கிழமையானா இருபது எழுதறா. ஒரு தப்பு கிடையாது. நீங்கதான் போட்டு வாட்டறீங்கன்னு நினைச்சு, உங்களை ஒரு பிடி பிடிக்கணும்னு இருந்தேன். எதுக்கும் இருக்கட்டும்னு நேத்து அவகிட்டயே கேட்டுட்டேன்."

டாக்டர் மெல்லத் திரும்பினார். மூலையில் கருவிகளைச் சுத்தப்படுத்தும் ஸ்டெரிலைசர் இருந்தது. அதன் நெற்றியில் பெயர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்துக் கதவில் எக்ஸ்ரே. வெளியே பலகையில் அப்பாயின்ட்மென்ட். லீவு நாளெல்லாம் சிட்டு பென்சிலும் கையுமாகச் சுற்றிச் சுற்றி வருகிற இடம் இது.

"என்ன சொன்னா?" அவர் குரல் இறங்கிப்போயிருந்தது.

"'அஞ்சுன்னா சட்டுனு முடிஞ்சிடும், அப்பா திரும்ப க்ளினிக்குக் கிளம்பிடுவார் டீச்சர்'ன்னா. 'இருபதுன்னா, நான் தூங்கற வரைக்கும் பக்கத்துலேயே இருப்பார்.'"