இடது பக்கம்தான் அழகு

"அது என் சீட்டு. எழும்பு."

விமான ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண் அசையவில்லை. "இந்த ஒரு தடவை நான் இருந்துக்கிடுதேனே. ஒங்க வயித்துக்கு மேலால எட்டிப் பாத்துப் பாத்துக் கழுத்து வலிக்கி" என்றாள். வேறு யாருமில்லை, கட்டிய மனைவி சுகிர்தராணிதான்.

செல்வநாயகம் சிரித்தார். கத்தாரில், தோஹாவின் நஜ்மா பகுதியில் இருக்கும் நாகர்கோவில் பக்கத்து ஆட்கள் யார் லீவில் ஊருக்குக் கிளம்பினாலும், சீட்டுப் போடுவதற்கு முன் அவரைத்தான் கேட்பார்கள். எந்தப் பக்கம் மலை, எந்தப் பக்கம் தீவு என்று அவர் அளந்துவிடுவதைக் கேட்டால், வானத்தையே வாடகைக்கு விட்டிருப்பவர் போலிருக்கும்.

"பாக்கதுக்கும் ஒரு ஞானம் வேணும் ராணி. நீ பாத்தா தண்ணி தெரியும். நான் பாத்தாத்தான் காட்சி தெரியும்."

அவள் நடு சீட்டுக்கு நகர்ந்தாள். பின் வரிசையிலிருந்து ஏ.சி. டெக்னீஷியன் ஜெப்ரின் தலையை நீட்டினான்.

"அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரியே இடது பக்கம் ஜன்னல் போட்டுட்டேன்."

"நல்ல காரியம் செஞ்ச. வலது பக்கம் இருக்கவனுவ எல்லாம் காசு குடுத்துக் கண்ணக் கட்டிக்கிட்டவனுவ, கேட்டியா? நான் சொல்லச் சொல்லப் பாரு."

விமானம் மெல்ல நகரத் தொடங்கியது. செல்வநாயகம் கம்பீரமாகக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அதற்குள்ளே கண்களை இறுக மூடிக்கொண்டார்.

உயரத்திலிருந்து கீழே பார்த்தால் அவருக்குத் தலை சுற்றும். இத்தனை வருஷமாக மனைவி எட்டிப் பார்த்துக் காதோடு சொன்னதைத்தான் அவர் தம் சரக்காக ஊருக்கெல்லாம் விநியோகித்துக்கொண்டிருந்தார். இது வெளியே தெரிந்தால் நஜ்மாவில் ஒரு டீக்கடைப் பக்கம்கூடத் தலைகாட்ட முடியாது.

இன்ஜின் இரைந்தது. இருக்கை அதிர்ந்தது. கைப்பிடியை நசுக்கிக்கொண்டு காத்திருந்தார். குடலைத் தூக்கிப் போடும் அந்தப் பாழாய்ப்போன கணம் மட்டும் வரவே இல்லை.

"எழும்பியாச்சா?" உதடு அசையாமல் கேட்டார்.

"எப்பமே எழும்பியாச்சு."

அவருக்குத் தைரியம் வந்துவிட்டது. "ஜெப்ரின்! பைலட்டப் பாத்தியா? ஒறங்குத புள்ளையத் தூக்குன மாதிரில்லா தூக்கிட்டான்!"

பின்னாலிருந்து பதில் இல்லை. பயல் வியப்பில் வாயடைத்துக் கிடக்கிறான் என்று முடிவு கட்டினார்.

"என்னா தெரியுது? மெள்ளச் சொல்லு."

"கடலோர ரோடு. தோசக்கல்லு ஓரம் மாதிரி வளஞ்சு கெடக்கு" என்றாள் சுகிர்தராணி.

"இடது பக்கம் பாரு மக்கா! கடலுக்குப் பிறை நிலாவால வேலி போட்டாப்புல ரோடு!" முன்னும் பின்னும் கேட்கும்படி முழங்கினார்.

"படகு ரெண்டு போவுது."

"பாய்மரக் கப்பலுங்க! வெள்ளக் கொக்கு மாதிரி மெதக்குது!"

"ஒட்டகம்."

"ஒட்டகமா? இவ்வளவு ஒசரத்துல இருந்து எப்பிடிட்டி தெரியும்?"

"ஒங்க ஞானத்துக்குத் தெரியாததா?"

அதுவும் சரியென்றே பட்டது. தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "கீழ பாரு ஜெப்ரின், ஒட்டகம் மந்தை மந்தையா! எறும்பு ஊருத மாதிரி! இதெல்லாம் பழகுன கண்ணுக்குத்தான் ஆப்புடும்."

எங்கோ யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஜெப்ரின் முன்னால் குனிந்து, மரியாதை குறையாமல் சொன்னான்:

"அண்ணாச்சி, பிளேனு இன்னும் தரையிலதான நிக்குது!"