ஊசியக்காவிடம் ஒரு கேள்வி

அந்தப் பெண் மறுபடியும் தடுப்பூசி வேண்டாம் என்று தலையாட்டினாள். மடியில் இருந்த குழந்தை டாக்டரம்மாவின் ஸ்டெதாஸ்கோப்பை இழுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. காலையிலிருந்து இதே பேச்சுதான். தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

முன்பெல்லாம் அவர் வாதாடுவார். புள்ளிவிவரங்களை எடுத்து வீசுவார், பயமுறுத்துவார், சில நேரம் சத்தமும் போடுவார். அப்படித் திட்டு வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. அதன் பிறகுதான் வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வைக்கப் பழகினார்.

இப்போதும் அதைத்தான் செய்தார். எதை நினைத்துப் பயப்படுகிறாய், யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டார்.

நாத்தனார் போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாளாம். ஊசி போட்ட குழந்தைக்குப் பேச்சே நின்றுபோனதாம். அது போதாதென்று மாமியார் வேறு, நம் வீட்டில் யாருக்கும் போட்டதில்லை, நாமெல்லாம் செத்தா போய்விட்டோம் என்று கேட்டாராம்.

டாக்டரம்மா எரிந்து விழவில்லை. அந்த வீடியோவைப் பார்த்தால் எந்தத் தாய்க்கும் பயம் வரத்தான் செய்யும் என்றார். எத்தனையோ பேர் ஆராய்ந்து பார்த்தும் அப்படி எதுவும் இல்லை என்பதைச் சொன்னார். காய்ச்சல் வரலாம், உடம்பில் தடிப்பு வரலாம் என்பதையும் ஒளிக்கவில்லை. பக்கத்துத் தெருவில் தட்டம்மை பரவுவதைச் சொன்னார். சொல்லிவிட்டு, முடிவு உன்னுடையது என்று நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பெண் குழந்தையின் வாயிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை விடுவித்தாள். பிறகு சரி என்றாள்.

ஊசியக்கா குப்பியைத் திறந்தாள். நர்ஸுக்குச் சின்னப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. அவள் வந்தால் தெருவே காலியாகிவிடும். இந்தக் கிளினிக் திறந்த நாளிலிருந்து டாக்டரம்மாவுக்கு அவள்தான் வலது கை.

குழந்தையின் சட்டைக் கையை ஏற்றிவிட்ட தாய், சட்டென்று அந்தப் பிஞ்சுக் கையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. ஊசியக்காவைத்தான் பார்த்தாள்.

"அக்கா, உங்க பையனுக்கும் இதப் போட்டீங்களா?"

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. தான் மணிக்கணக்கில் பேசுவதைவிட ஊசியக்காவின் ஒரு வார்த்தை சீக்கிரம் வேலை செய்யும்.

ஊசியக்கா ஆமாம் என்று தலையசைத்தாள். தாய் கையை எடுத்தாள். குழந்தை வீறிட்டது, தேம்பியது, அடங்கியது. அந்தப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

டாக்டரம்மா பையைத் தோளில் மாட்டினார். இனி யாரும் வரப்போவதில்லை, மிச்ச மருந்தைக் கழித்துவிடலாம் என்றார். ஒரு குப்பியில் பல பேருக்குப் போடலாம். ஆனால் திறந்துவிட்டால் சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது.

ஊசியக்கா கழிக்கவில்லை. குப்பியை ஐஸ் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டும் டாக்டர். பையன் ஸ்கூல் விட்டு வந்துடுவான். நீங்களே போட்டுடுங்க. அவனுக்கு நானே போட எனக்குப் பயம்."

டாக்டரம்மாவுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் தூக்கிவாரிப்போட்டது. கண்ட பிள்ளைக்கெல்லாம் போட்டவள், பெற்ற பிள்ளைக்குப் போடவில்லை.

ஆத்திரம்தான் முதலில் வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. வருகிற தாய்மாரிடமெல்லாம் உனக்கு என்ன பயம் என்று கேட்டவர், பக்கத்திலேயே நின்றவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

பையை மேஜை மேல் இறக்கிவிட்டு, ஊசியக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பள்ளி விட இன்னும் நேரம் இருந்தது.